எண்ணெய் பூசிய மரத்தரை: சோப்பா, கிளீனரா, மறுபடி எண்ணெயா?

மரத்தரை போட்டவர்கள் முதலில் கேட்பது, "இதை எதை வைத்துத் துடைப்பது?" என்பதுதான். கடையில் போய் நின்றால் எல்லாப் பாட்டிலிலும் "மரத்தரைக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கும். வார்னிஷ் அடித்த தரையில் எதை ஊற்றினாலும் சேதம் அவ்வளவு சீக்கிரம் வெளியே தெரியாது. எண்ணெய் பூசிய தரை அப்படி இல்லை. அங்கே எண்ணெய் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. மேலே தனியாக ஒரு கெட்டிப் படலம் கிடையாது. நீங்கள் ஊற்றும் திரவம் நேராக எண்ணெயையும் மரத்தையும் தொடுகிறது. தவறான ஒன்றை வாராவாரம் போட்டுத் துடைத்தால் அழுக்கோடு சேர்ந்து எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும்.

அதனால்தான் துடைப்பது ஒரு வேலை, எண்ணெய் போடுவது வேறொரு வேலை என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்கிறேன். அடுத்த எண்ணெய் எப்போது தேவைப்படும் என்பதை இன்று வாளியில் கலக்கும் திரவம்தான் முடிவு செய்கிறது. கீழே உள்ள வழிகளை எல்லாம் அந்தக் கணக்கை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

முதலில், தரையில் என்ன இருக்கிறது?

இது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். அலமாரிக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத ஒரு மூலையைப் பாருங்கள். கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். கண்ணாடி போன்ற மெல்லிய செதில் உரிந்து வந்தால் அது வார்னிஷ் அல்லது லாக்கர்; இந்தக் கட்டுரை அந்தத் தரைக்கு இல்லை. வெறும் மரத்துகள் மட்டும் வந்தால் எண்ணெய்.

எண்ணெயிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களால் மட்டுமே ஆனது. இவை தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன. தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுதாகக் கெட்டிப்பட நாட்கள் பிடிக்கும். இரண்டாவது வகை ஹார்ட்வாக்ஸ் எண்ணெய். இதில் எண்ணெயோடு மெழுகும் சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் ஓஸ்மோ தயாரிக்கும் பாலிக்ஸ் எண்ணெயில், எடுத்துக்காட்டாக, சூரியகாந்தி, சோயா, ஆளி விதை எண்ணெய்களுடன் கார்னாபா, காண்டெலில்லா மெழுகுகள் இருக்கின்றன. எண்ணெய் உள்ளே இறங்கும். மெழுகு மேற்பரப்பில் மெல்லியதாக நிற்கும். இந்தச் சின்ன வேறுபாடுதான் சோப்பா கிளீனரா என்ற கேள்விக்குப் பாதி விடை.

வகை தெரிந்ததும் தரை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில், சமையலறைத் தொட்டிக்கு முன்னாலோ வாசற்கதவருகிலோ, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சொட்டு உருண்டையாக, விளிம்பு தெளிவாக நின்றால் எண்ணெய் வேலை செய்கிறது. மெல்லத் தட்டையாகி, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் கீழே மரம் கருத்திருந்தால் எண்ணெய் மெலிந்துவிட்டது. விட்டதுமே உறிஞ்சிவிட்டால் அங்கே அநேகமாக வெறும் மரம்தான் இருக்கிறது. நடமாட்டமே இல்லாத ஒரு மூலையிலும் இதையே செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூலை நன்றாக இருக்கும், நடைபாதை மட்டும் தேய்ந்திருக்கும். அப்படியானால் அறை முழுவதற்கும் செலவு செய்யத் தேவையே இல்லை.

சோப், நியூட்ரல் கிளீனர், எண்ணெய் கலந்த ரிஃப்ரெஷர்

மரத்தரைக்கென்று விற்கும் சோப், தாவரக் கொழுப்பிலிருந்து செய்த உண்மையான சோப். டென்மார்க் போன்ற நாடுகளில் மரத்தரையைச் சோப் போட்டே பராமரிப்பது பழைய வழக்கம். இதன் சிறப்பு என்னவென்றால், தண்ணீர் காய்ந்த பிறகு கொழுப்பின் ஒரு மெல்லிய பங்கு மரத்தின் நுண்துளைகளில் தங்கிவிடும். அடுத்த முறை அழுக்கு மரத்தில் ஒட்டுவதற்குப் பதில் அந்தப் படலத்தில் ஒட்டும். துடைக்கும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். மாதங்கள் போகப் போக தரை அடங்கிய, பட்டுப் போன்ற மங்கல் பளபளப்புக்கு வரும். மெழுகு கலக்காத சுத்தமான எண்ணெய் பூசிய தரைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சோப் ஒழுங்கை எதிர்பார்க்கும். அளவு முக்கியம். டென்மார்க்கின் வோகா நிறுவனம் தன் இயற்கைச் சோப்புக்குச் சொல்லும் அளவு 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 125 மில்லி. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது. காலடி பதியும் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். அடுத்தது, கடின நீர். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத சாம்பல் நிறப் படிவாக மாறும். பாத்திரத்தில் வெள்ளை உப்புப் படியும் தண்ணீர் உங்கள் குழாயில் வருகிறதென்றால், கருநிறத் தரையில் இந்த மங்கல் நன்றாகவே தெரியும். மென்மையாக்கிய தண்ணீர் கிடைத்தால் சரி, இல்லையென்றால் சோப்பைத் தேர்ந்தெடுப்பதற்குமுன் யோசியுங்கள். மூன்றாவது, வெள்ளைச் சோப் என்று ஒன்று தனியாக விற்கிறார்கள். அதில் வெள்ளை நிறமி இருக்கும். வெளிர்நிற மரம் மஞ்சளாகாமல் இருப்பதற்கானது. அதைத் தேக்கிலோ வால்நட்டிலோ போட்டால் பலகை இடுக்குகளில் பால் கோடுகள் படியும்.

நியூட்ரல் கிளீனர் என்பது காரமும் அமிலமும் இல்லாத, செயற்கை அழுக்குநீக்கி கலந்த திரவம். இது எதையும் விட்டுவிட்டுப் போகாது. அழுக்கை எடுக்கும், காயும், அவ்வளவுதான். கடின நீரிலும் வேலை செய்யும், அளவு கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். மேலே மெழுகு இருக்கும் ஹார்ட்வாக்ஸ் தரைக்கு இது போதும். எண்ணெய் ஆவி படியும் சமையலறைக்குச் சோப்பைவிட நன்றாகவே இருக்கும். குறை ஒன்றுதான்: இது எதையும் திருப்பித் தருவதில்லை. சுத்தமான எண்ணெய்த் தரையில் இதை மட்டுமே போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால் தரை மெல்ல வறண்டு, எண்ணெய் போடும் நாள் முன்கூட்டியே வந்துவிடும்.

ரிஃப்ரெஷர் இவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சோப்போடு கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ கலந்திருக்கும். தண்ணீரில் கலந்து துடைத்தாலே மங்கிய தரை ஓரளவு உயிர் பெறும். சொட்டு தட்டையாகத் தொடங்கிய நிலைக்கு இது அருமையான மருந்து. வெறும் மரம் வெளியே வந்துவிட்ட இடத்துக்கு இது போதாது. வாரா வாரம் இதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் மேலே மேலே ஏறி, தூசியைப் பிடித்துக்கொண்டு, நடக்கும் பாதை கருத்துப் போகும்.

என் தேர்வு இதுதான்: சுத்தமான எண்ணெய்த் தரைக்கு, தண்ணீர் மென்மையாக இருந்தால் சோப். ஹார்ட்வாக்ஸ் தரைக்கு நியூட்ரல் கிளீனர், அதோடு சொட்டுச் சோதனை கேட்கும்போது மட்டும் ரிஃப்ரெஷர். எந்த நிறுவனத்தின் எண்ணெய் பூசியிருக்கிறது என்று தெரிந்தால் அதே நிறுவனத்தின் திரவத்தையே வாங்குவது பாதுகாப்பு.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். மாப் பிடிப்பது யார்? வீட்டில் ஒருவரே எப்போதும் துடைக்கிறார், அளவு பார்த்துக் கலக்கிறார் என்றால் சோப் அழகாக வேலை செய்யும். ஆள் மாறி மாறித் துடைக்கும் வீட்டில், கண் மதிப்பில் ஊற்றும் வீட்டில், நியூட்ரல் கிளீனரே நல்லது. சிறந்த பொருளைத் தவறாகப் போடுவதைவிடச் சுமாரான பொருளைச் சரியாகப் போடுவது தரைக்கு எவ்வளவோ மேல்.

துடைக்கும் விதம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மாப்பைக் கரைசலில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இரண்டு மூன்று சதுர மீட்டர் துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்து, மறுபடி கரைசலில் நனையுங்கள். அலசுகிற வாளி சாம்பலாக மாறுவதைப் பார்த்தால், ஒரே வாளியில் துடைக்கும்போது அத்தனையும் திரும்பத் தரையிலேயே பூசப்படுகிறது என்பது புரியும். சோப் முறையில் கடைசியாக வெறும் தண்ணீரால் தரையைக் கழுவிவிடக் கூடாது. தங்க வேண்டிய படலம் போய்விடும். மாப்பும் பருத்தியாக இருப்பது நல்லது. மைக்ரோஃபைபர் அழுக்கை உறிஞ்சுவதில் கெட்டி என்பதால் சோப் படலத்தையும் சேர்த்து எடுத்துவிடும். நியூட்ரல் கிளீனருக்கு அந்தக் கவலை இல்லை.

துடைத்த இடம் ஓரிரு நிமிடங்களில் தானாகக் காய வேண்டும். காயவில்லையென்றால் மாப்பில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். பலகை இடுக்கில் இறங்கிய தண்ணீர் ஓரங்களை ஊதச் செய்யும்.

ஈரத்துடைப்பைவிட அடிக்கடி தேவைப்படுவது உலர் சுத்தம். செருப்போடு வரும் மணலில் இருக்கும் குவார்ட்ஸ், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. எந்த மரமும், எந்த எண்ணெயும் அதன் முன்னால் நிற்காது. ஒவ்வோர் அடியிலும் அது தரையை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. மென்மையான தூரிகை முனை பொருத்திய வேக்குவம் கிளீனர் துடைப்பத்தைவிட நல்லது, ஏனென்றால் துடைப்பம் மணலை இழுத்துக்கொண்டே போகும். வேக்குவம் தூக்கி எடுத்துவிடும். சுழலும் கம்பள உருளை இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். வாசலில் மிதியடி, நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டு. ரப்பர் அடிப்பாகம் கொண்ட விரிப்பு மட்டும் வேண்டாம். அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் எண்ணெயில் நிரந்தரக் கறையாகப் பதியும்.

வீட்டு வைத்தியங்கள்

வினிகர் எல்லோரும் சொல்லும் யோசனை. அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தால் அதன் பிஹெச் அளவு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 2 முதல் 3-க்குள் இருக்கும். ஒருமுறை துடைத்தால் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து துடைத்தால் எண்ணெய்ப் பரப்பு மங்கிப் போகும். எதிர்ப் பக்கத்தில் அமோனியாவும் பிளீச்சும் காரத்தன்மை கொண்டவை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப் உண்டாகும் என்பது வேதியியல். உங்கள் தரையின் எண்ணெயே சோப்பாகி மாப்போடு வெளியே போகும். ஓக் மரத்தில் அமோனியா நிறத்தையும் கருக்கச் செய்யும். ஸ்டீம் மாப், கொதிநீராவியை இடுக்குகளுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. எண்ணெய் பூசிய மரத்துக்கு அதைவிடக் கெடுதலான கருவி இல்லை.

பளபளப்புக்காகச் சமையல் எண்ணெயைத் தேய்ப்பவர்களும் உண்டு. ஆலிவ் போன்ற எண்ணெய்கள் எத்தனை நாள் ஆனாலும் கெட்டிப்படாது. ஈரமாகவே இருந்து தூசியைப் பிடிக்கும், பிறகு நாற்றமெடுக்கும். அதன்மேல் சரியான எண்ணெய் போட்டாலும் ஒட்டாது. லாக்கர் தரைக்கான அக்ரிலிக் பாலிஷும் அதே வகைத் தொல்லை: மேலே பிளாஸ்டிக் தோல் போல நின்று, அடுத்த எண்ணெய் உள்ளே போகும் வழியை அடைத்துவிடும்.

எண்ணெய் போட வேண்டிய நேரம்: ஓர் இடமா, முழு அறையா?

ஆண்டுக்கு ஒருமுறை என்று நாள்காட்டி பார்த்துப் போடச் சொல்பவர்கள் பலர். நான் சொட்டுச் சோதனையையே நம்புகிறேன். யாரும் தங்காத விருந்தினர் அறைக்குப் பல ஆண்டுகள் தேவைப்படாமல் போகலாம். சமையலறைக்கு ஓராண்டுகூடத் தாங்காமல் போகலாம். தேவையில்லாத இடத்தில் போட்ட எண்ணெய் உள்ளே போகாது, மேலே நின்று ஒட்டும்.

எண்ணெய்த் தரையின் மிகப் பெரிய வசதி, தேய்ந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும் என்பது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஓர் இரவு முழுதாகக் காயவிடுங்கள். தேவையானால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசித் தூசி எடுங்கள். துணியில் சிறிதளவு எண்ணெய் எடுத்துத் தேய்த்தால் மரம் உடனே நிறம் ஆழ்ந்து கருமை கொள்ளும். சில நிமிடங்களில் சில இடங்கள் மறுபடி வெளிறினால் அங்கே மரம் குடித்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் தரலாம். பதினைந்து இருபது நிமிடத்துக்குள், மிஞ்சிய எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். கையால் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது. பூசுவதில் எடுக்கும் சிரத்தையைவிடத் துடைத்தெடுப்பதில் கூடுதல் சிரத்தை வேண்டும். நிறம் மாறும் எல்லை கண்ணில் உறுத்தாமல் இருக்க, நடு இடத்தில் வட்டமாகப் போடாமல், பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முழுப் பலகையாகவே போடுவது நல்லது.

அறையின் பாதிக்கும் மேல் சொட்டு நிற்கவில்லையென்றால் முழு அறையையும் செய்துவிடுங்கள். சிறிய அறைக்குக் கையும் வெள்ளைத் தேய்ப்பு பேடும் போதும். பெரிய கூடத்துக்கு வாடகை பாலிஷ் இயந்திரம் எடுத்தால் எண்ணெய் சீராக உள்ளே இறங்கும், முழங்காலும் தப்பிக்கும். பேடின் நிறத்தைக் கவனியுங்கள்: வெள்ளை மிக மென்மையானது, பச்சையும் கறுப்பும் சுரண்டி எடுப்பதற்கானவை. எஃகுக் கம்பளியை ஓக் தரையில் தொடவே வேண்டாம். அறுந்து விழும் இரும்புத் துணுக்கு, ஈரம், ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மூன்றும் சேர்ந்தால் தரை முழுக்கக் கரும்புள்ளிகள் பூக்கும்.

வாங்கும்போது ஒற்றை எண்ணெயா, கடினப்படுத்தி சேர்க்கும் இரட்டைக் கலவையா என்ற கேள்வி வரும். இரட்டைக் கலவை சீக்கிரம் கெட்டிப்படும். அறையை நீண்ட நாள் மூடிவைக்க முடியாதவர்களுக்கு ஏற்றது. ஆனால் கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒற்றை எண்ணெய் மெதுவானது, மிச்சத்தை எடுத்து வைக்கலாம். அவ்வப்போது சின்னச் சின்ன இடங்களைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றால் ஒற்றை எண்ணெயே வசதி. எதைப் போட்டாலும் டின்னில் சொல்லும் காலம்வரை தரையில் தண்ணீர் படக் கூடாது, விரிப்பும் போடக் கூடாது.

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்: எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும்; சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து ஏறிக்கொண்டே போய், நெருப்புப் பொறியே இல்லாமல் துணி தானாகத் தீப்பிடிக்கும். சில மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கும் வேளையில் நடக்கக் கூடியது இது. வெளியே தரையில் தனித்தனியாக விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பி மூடிய உலோக டப்பாவில் போடுங்கள். இயந்திரத்தில் மாட்டிய பேடுக்கும் இதே விதிதான்.

கறையும் பள்ளமும்

கரும்புள்ளி இரும்பும் டானினும் சேர்ந்து வந்தது என்றால் சோப் எதுவும் அதை எடுக்காது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுக்கும். அது நச்சு, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்து, தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் போட வேண்டும். கனமான பொருள் விழுந்த பள்ளத்தில் நார் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால், ஈரத்துணியை வைத்து மேலே அயர்ன் பாக்ஸைச் சில நொடிகள் அழுத்துங்கள். நார் நீராவியை உறிஞ்சி எழும்பும். எண்ணெய்த் தரையில்தான் இது எளிதாகச் செய்ய முடியும்; லாக்கர் தரையில் படலம் குறுக்கே நிற்கும்.

மொத்தமாக இழைத்துவிடலாமா?

மரம் சாம்பல் நிறமாகி, கறை ஆழமாக இறங்கி, எண்ணெய் போட்டும் நிறம் திரும்பவில்லை என்றால் மட்டுமே இயந்திரத்தால் இழைப்பதை நினைக்கலாம். அடுக்குப் பலகைத் தரையில் மேலே இருக்கும் நல்ல மரம் பல வகைகளில் 2 முதல் 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் அதில் கணிசமான பங்கு தூளாகிப் போகும். 2 மில்லிமீட்டர் மட்டும் இருந்தால் இழைக்கவே வேண்டாம் என்பேன். முழு மரப் பலகையானால் கவலை குறைவு. மிக நைசான உப்புத்தாளில் முடித்தால் துளைகள் அடைபட்டு எண்ணெய் இறங்காது. 120 அல்லது 150 எண் தாளோடு நிறுத்துவது பொதுவாகச் சரியாக இருக்கும்.

இழைத்ததுதான் இழைத்தோம், லாக்கருக்கு மாறிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. லாக்கர் தினசரி வேலையைக் குறைக்கும். தண்ணீர் சிந்தினாலும் பதற வேண்டியதில்லை. ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. நடைபாதை தேய்ந்தால் அறை முழுவதையும் மறுபடி இழைக்க வேண்டும். குழந்தைகளும் நாயும் ஓடும் வீட்டில், பராமரிக்க யாருக்கும் நேரமே இல்லை என்றால் லாக்கர் சரி. ஓர் ஓய்வு நாளில் ஒரு சதுர மீட்டரைச் சரிசெய்ய யாராவது ஒருவர் தயார் என்றால், எண்ணெயிலேயே இருங்கள். நீண்ட காலக் கணக்கில் மரம் குறைவாகத் தேய்வது அதில்தான்.

அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பலகைகள் அமைதியாக இருக்கும். வறண்ட மாதங்களில் இடுக்கு திறந்தால் எதையும் வைத்து அடைக்க அவசரப்படாதீர்கள், ஈரம் திரும்பியதும் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.

மிச்ச எண்ணெயைப் பாதி டின்னில் அப்படியே வைத்தால், உள்ளே இருக்கும் காற்றிலேயே மேலே தோல் கட்டி அடுத்த முறை பயன்படாது. சின்னப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். எண்ணெயின் பெயர், நிற எண், பூசிய தேதி மூன்றையும் வெளியே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை துடைப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.